13 மாதமாகியும் என் மகள் நடக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை 10 மாதத்திலேயே நடந்துவிட்டது. வாக்கர் வாங்கலாமா?

வாங்காதீர்கள். அதில் உட்கார வைத்தால் நடை சீக்கிரம் வராது. குழந்தை கால் நுனியால் உந்தித் தள்ளிக்கொண்டு வீட்டைச் சுற்றும், வாசல்படியில் கவிழும் ஆபத்து வேறு. கனடாவில் 2004 முதல் வாக்கர் விற்கவே தடை. நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் கிடைக்கும் மர நடைவண்டி வேறு கதை. அதைக் குழந்தை தன் காலில் நின்று தள்ளுகிறது. அதுவும் எழுந்து நிற்கப் பழகிய பிறகுதான்.

நடக்காததற்கு இப்போது கவலையும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து வெளியிட்ட கணக்கில், பிடிமானம் இல்லாமல் நடப்பது 8 மாதத்தில் தொடங்கி பதினேழரை மாதம் வரை போகிறது. நூற்றில் நான்கு குழந்தைகள் முட்டி போட்டுத் தவழவே இல்லை. உங்கள் மகள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்கிறாள் என்றால் பொறுத்திருக்கலாம். 18 மாதத்திலும் நடக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். குறைமாதத்தில் பிறந்தவளா? அப்படியானால் டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து மாதத்தை எண்ணுங்கள்.

கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். ‘பக்கத்து வீட்டுக் குழந்தை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் மேலே எழுதுகிறேன். ஒரு காலத்தில் எங்கள் தெருவுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக் குழந்தை என் மகன்தான்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். பத்து மாதத்தில் நடந்தான். என் மாமியார் அவன் காலில் தண்டை போட்டு, எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்கட்டும் என்றே வாசலில் நடக்கவிடுவார். சாயங்காலம் சுத்திப்போடுவதும் அவரேதான். ஹாலில் அவனுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவான். சமையலறையிலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான். விளையாட்டுப் புத்தி என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஹாலில் ஜன்னல் என் முதுகுப் பக்கம் இருந்தது. நான் வந்து நின்றால் என் நிழல் அவன் முன்னால் தரையில் விழும். அதைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கிறான். ஜன்னலைச் சாத்திவிட்டு அதே இடத்தில் நின்று கூப்பிட்டேன். பொம்மையின் சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருந்தான்.

வீட்டில் சொன்னால், “குக்கர் விசிலுக்குத் திரும்புறானே, காது எப்படிக் கேக்காமப் போகும்?” என்றார் என் கணவர். “ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும். இவன் அப்பனே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்” என்று அத்தை முடித்துவிட்டார். தனியார் மருத்துவர் ஒருவரும், ரெண்டு வயசு வரைக்கும் பார்க்கலாமே என்றார்.

எங்கள் தெரு அங்கன்வாடி டீச்சர்தான் காது கொடுத்துக் கேட்டார். எடை பார்த்துத் தாய் சேய் அட்டையில் எழுதப் போனவர், நான் சொன்னதும் பேனாவை மூடிவைத்துவிட்டு அவன் முதுகுப் பக்கம் போய்க் கிலுகிலுப்பையை மெதுவாக ஆட்டினார். அப்புறம் கொஞ்சம் பலமாக. பலமாக ஆட்டியபோதுதான் திரும்பினான். “கூட்டிட்டுப் போய் பேரா டெஸ்ட் எடும்மா, தள்ளிப்போடாத” என்றார்.

பேரா என்பது குழந்தை தூங்கும்போது தலையில் ஒயர் ஒட்டி, காதில் சத்தம் கொடுத்து, மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது. வலியெல்லாம் இல்லை. ஆனால் தூங்கினால்தான் எடுக்க முடியும் என்பதால், விடிந்ததிலிருந்து அவனைக் கண் அயரவிடாமல் வைத்திருந்தது பெரும்பாடு. இரண்டு காதிலும் நடுத்தரக் குறைபாடு என்று வந்தது. விசிலும் வெடியும் கேட்கும். பேச்சு அரைகுறையாகத்தான் கேட்கும். வீட்டில் எல்லோரும் ஏமாந்தது இங்கேதான்.

காதுக்கு மெஷின் வைத்தோம், பேச்சுப் பயிற்சிக்குப் புதுச்சேரி. சனிக்கிழமைகளில் பஸ்ஸில் போவோம். இந்தத் தனியார் பஸ்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏர் ஹாரனுக்குச் சட்டப்படியே தடை. கன்னியக்கோயில் தாண்டினால் அதை யார் மதிக்கிறார்கள்? போதாக்குறைக்கு டிரைவர் தலைக்கு மேல் ஸ்பீக்கர். காது மெஷின் எல்லாச் சத்தத்தையும் சேர்த்துத்தான் பெருக்கும். பையன் பிய்த்தெடுத்து என் மடியில் போட்டுவிடுவான். பாட்டைக் குறைக்கச் சொன்னால், இஷ்டமில்லைன்னா ஆட்டோவுல போங்க என்கிறார் கண்டக்டர். அரியாங்குப்பம் வந்தால் வாரக்கடைசி டூரிஸ்ட் கார்கள், முருங்கப்பாக்கம், மரப்பாலம் வரை ஊர்வலம். எங்கள் ஊரில் பயிற்சி கொடுக்க ஆள் இருந்தால் இந்தப் பாடு எதற்கு?

சரி. ‘நடக்கலையேன்னு கேட்டவங்களைக் காது வரைக்கும் பயமுறுத்துறீங்க’ என்று யாராவது வருவார்கள். நான் டாக்டர் இல்லை. தாமதமாகப் பேசும் குழந்தைகள் பலருக்குக் காது நன்றாகவே இருக்கும், தெரியும். மாமியாரைக் குறை சொல்கிறேன் என்றும் நினைக்க வேண்டாம். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை வீட்டில் சலிக்காமல் செய்தவர் அவர்தான். காக்கா, குருவி, தயிர்க்காரம்மா என்று வாசலில் உட்கார்ந்து அவன் முகத்துக்கு நேராகப் பேசிப் பேசி அவனைப் பேச வைத்தார். இப்போது ஒன்றாம் வகுப்பு. வாயை மூட வைப்பதுதான் பிரச்சினை.

காலை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள் என்கிறேன். அவள் கண்ணில் படாமல், நிழல் விழாமல், பின்னாலிருந்து மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். 9 மாதத்துக்குள் அதற்குத் திரும்ப வேண்டும். மா மா, பா பா என்று ஏதாவது உளறுகிறாளா? டாட்டா காட்டுகிறாளா? ஒன்றரை வயதுக்குள் விரல் நீட்டிக் காட்ட வேண்டும், இரண்டு வயதில் ‘பால் தா’ மாதிரி இரண்டு சொல் சேர வேண்டும். இந்த வயதிலேயே ஒரே கையைத்தான் நீட்டுகிறாள், மறு கையை மடக்கியே வைத்திருக்கிறாள் என்றாலும் காட்டுங்கள். எந்த வயதானாலும் சரி, செய்துகொண்டிருந்த ஒன்றைச் செய்யாமல் விட்டுவிட்டால் அடுத்த தடுப்பூசி வரை காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

2013 முதல் நடக்கும் தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில், ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கே மருத்துவக் குழு வந்து பார்க்க வேண்டும். எப்போது வருகிறார்கள் என்று டீச்சரிடம் கேட்டுவையுங்கள். நாமெல்லாம் அங்கன்வாடிக்கா என்று யோசிப்பீர்களோ என்னவோ. குழந்தைக்கு எடை போட அங்கே யாரும் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை.