சாப்பாட்டு டப்பாவில் பாதிக் கதை

"பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் சாப்பாட்டு டப்பாவோடு ஒரு சீட்டு எழுதி வைத்தால் பிள்ளைக்கு வாசிப்பில் ஆசை வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். ஆனால் சீட்டில் என்ன எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "நன்றாகப் படி", "மிச்சம் வைக்காதே" என்றெல்லாம் எழுதினால் அது கை துடைக்கத்தான் உதவும். அறிவுரைக்குப் பிள்ளைகளிடம் என்ன பஞ்சமா?

என் மகள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த சமயம் நான் வைத்தது கதை. அதுவும் பாதிக் கதை. மாதிரிக்கு ஒன்று:

"தோட்டத்தில் ஒரு சாவி கிடந்தது. பூனை அதைக் கவ்வி வந்தது. எந்தப் பூட்டுக்கும் அது சேரவில்லை. பரணில் ஒரு பெட்டி மட்டும் பாக்கி. பூனை பரணில் ஏறியது. பெட்டிக்குள் யாரோ"

அவ்வளவுதான், வாக்கியத்தைக்கூட முடிக்கவில்லை. சாயங்காலம் செருப்பைக் கழற்றாமலேயே "உள்ளே யார்?" என்று வந்து நின்றாள். நாளைச் சீட்டில் வரும் என்று சொல்லிவிட்டேன். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளின் பழைய தந்திரம்தான் இது. அரைகுறையாக நின்ற வேலை, முடித்த வேலையைவிட நன்றாக நினைவில் தங்குகிறது என்று உளவியலாளர் புளூமா ஸைகார்னிக் 1927இல் எழுதினார். பின்னால் வந்த சோதனைகள் பல அதை ஆமோதிக்கவில்லை. என் வீட்டு வாசலில் அன்று அது மெய்யாகத்தான் இருந்தது.

தினமும் கதை கட்டுவது யாராலும் ஆகாது. சரக்கு தீர்ந்த நாளில் நூலகப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தியைப் பார்த்து எழுதி, சுவாரசியமான இடத்தில் நிறுத்திவிடுங்கள். புத்தகத்தை மட்டும் வீட்டில் கண்ணில் படும்படி போட்டு வையுங்கள். எடுத்துக் கையில் கொடுக்காதீர்கள். சீட்டிலிருந்து புத்தகத்துக்குப் பிள்ளை தானாகத் தாவ வேண்டும்.

"படித்தாயா? என்ன புரிந்தது?" என்று விசாரிக்க வேண்டாம். படித்தால் மிட்டாய் என்ற பேரம் அதைவிட மோசம். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள சின்னக் குழந்தைகள் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். பரிசெல்லாம் முடிந்த பிறகு, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைய உட்கார்ந்தார்கள்.

ஆறு வயதுக்கு நாலைந்து குட்டி வாக்கியங்கள், பெரிய எழுத்தில் போதும். சாப்பாட்டு இடைவேளையே கொஞ்ச நேரம். அதில் அரட்டை வேறு. சீட்டை உணவோடு ஒட்டவிடாமல், மடித்து டப்பாவின் வெளிப்பக்கம் வையுங்கள். மை சாப்பாட்டில் இறங்கக் கூடாது. பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு நண்பர்கள் முன் அம்மா கையெழுத்து தெரிந்தால் மானம் போய்விடும். அவர்கள் பையில் மெல்லிய புத்தகம் ஒன்றைச் செருகிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுங்கள்.

பள்ளியிலேயே சாப்பாடு போடுகிறார்கள் என்றால் பென்சில் பெட்டியில் வைக்கலாம். பாட வேளையில் எடுத்துப் படித்து ஆசிரியரிடம் மாட்டிக்கொண்டால் நான் பொறுப்பல்ல.