விட்டுவிட்டு மிஸ் ஆகும் பைக்: கேள்வி பதில்

வரும் வழியெல்லாம் திணறிவிட்டு, பட்டறை வாசலில் நிறுத்தியதும் நல்ல பிள்ளையாக ஓடும் வண்டிதான் மெக்கானிக்கை அதிகம் அலைக்கழிக்கும். 'மிஸ் ஆகிறது', 'வெட்டுகிறது', 'அடைக்கிறது' என்று பல பெயர்களில் வந்த கேள்விகளுள் ஓட்டத்துக்கு நடுவே எஞ்சின் விட்டுவிட்டுத் துடிப்பு தவறும் இந்த வகைப் பழுதைப் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கார்புரேட்டர் வைத்த எட்டு வருடப் பழைய 125 சிசி வண்டி. நாளுக்கு நாலைந்து முறை மிஸ் ஆகிறது. பிளக், இக்னிஷன் காயில் இரண்டையும் மாற்றியாயிற்று, கார்புரேட்டரும் கழுவியாயிற்று. அடுத்து எதை மாற்றுவது ஐயா? (திண்டுக்கல்)

அடுத்து எதையும் மாற்றாதீர்கள். காரணம் தெரியாமல் பொருளை மாற்றுவதில் பணம் போவது ஒரு பக்கம் என்றால், புதிதாகப் போட்ட பொருளே பழுதாக இருந்தாலும் அதைச் சந்தேகிக்க மனம் வராது என்பது இன்னொரு தொல்லை. ஒரு வாரத்துக்குச் சட்டைப்பையில் சிறு குறிப்பேடு ஒன்றை வைத்துக்கொண்டு, மிஸ் ஆகும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் சூடாக இருந்ததா, ஆக்சிலரேட்டரை எவ்வளவு முறுக்கியிருந்தீர்கள், மேடு ஏறினீர்களா, பள்ளத்தில் குலுங்கியதா, டேங்கில் பெட்ரோல் எவ்வளவு இருந்தது, மழை பெய்திருந்ததா என்பவற்றை எழுதிவையுங்கள். குலுங்கும்போது மட்டும் வந்தால் வயரிங்கில் தேடலாம். சூட்டில் மட்டும் வந்தால் காயிலையோ வால்வையோ பார்க்கலாம். ஆக்சிலரேட்டரின் ஒரே நிலையில் மட்டும் வந்தால் பெரும்பாலும் பெட்ரோல் பக்கம்தான் கோளாறு. மிஸ் ஆகும் விதமும் பேசும். சுவிட்சை அணைத்துப் போட்டதுபோல் சட்டென்று வெட்டி மறுபடி பிடித்தால் மின்சாரம்; மூச்சுத் திணறி மெல்ல இறங்கினால் எரிபொருள். இது எப்போதும் பொருந்தும் விதி அன்று, ஆனால் தேடலைத் தொடங்கும் இடத்தைக் காட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் இதேபோல் இரண்டு பட்டறைகள் பார்த்த வண்டி ஒன்று என்னிடம் வந்தது. பால் ஊற்றுபவரின் வண்டி. "வலப்பக்கத் தெருவுக்குள்ள திரும்புறப்பதாங்க அடைக்குது" என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னதை முந்தைய இருவரும் காதில் வாங்கவில்லை போலும். ஐட்லிங்கில் ஓடவிட்டு ஹேண்டில்பாரை மெல்ல வலப்பக்கம் திருப்பினேன். முக்கால்வாசி திரும்பியதும் எஞ்சின் ஒரு துடிப்பை விட்டது. ஸ்டியரிங் கழுத்தை ஒட்டிப் போகும் வயர்க்கட்டைப் பிரித்துப் பார்த்தால், சாவி சுவிட்சிலிருந்து சிடிஐக்கு (பிளக்கின் தீப்பொறியை உரிய நேரத்தில் கிளப்பும் மின்னணுப் பெட்டி) மின்சாரம் கொண்டுபோகும் வயரின் மேலுறை முழுசாகத்தான் இருந்தது. விரலால் வளைத்தபோதுதான், உள்ளே செம்பு இழைகள் அறுந்து அந்த ஓர் இடம் மட்டும் நூல்போலத் துவண்டது தெரிந்தது. அரை அடி வயரோடு வேலை முடிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும். அந்த வண்டியின் சிடிஐ பேட்டரி மின்சாரத்தில் இயங்குவது. ஸ்டேட்டரில் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் சுருள் தொகுதி) உள்ள தனிச் சுற்றிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் பழைய வகை சிடிஐயில் கதை தலைகீழ்: அங்கே சாவியை அணைக்கும்போது ஒரு வயர் பாடியோடு இணைந்து தீப்பொறியை நிறுத்துகிறது. ஆகவே அந்த வயர் அறுந்தால் எஞ்சின் நிற்காது. அதன் உறை தேய்ந்து சட்டத்தில் உரசினால்தான் வெட்டும். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொண்டு வயரைத் தேடுங்கள்.

கேள்வி: இருபது நிமிடம் நன்றாக ஓடுகிறது. பிறகு மிஸ் ஆகி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. (பொள்ளாச்சி)

மூன்று பேர் மேல் சந்தேகம் விழுகிறது, மூவரும் ஒரே மாதிரி நடிப்பார்கள்.

முதலாவது டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை. அது தூசியில் அடைபட்டால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்றழுத்தம் குறைந்து, கார்புரேட்டருக்கு வரும் ஓட்டம் மெலிந்துகொண்டே போகும். வண்டி நின்ற அந்தக் கணமே மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, உடனே ஸ்டார்ட் ஆனால் அதுவே காரணம். காசே செலவில்லாத சோதனை என்பதால் இதை முதலில் செய்யச் சொல்கிறேன்.

இரண்டாவது, தீப்பொறி விட வேண்டிய நேரத்தைச் சிடிஐக்குச் சொல்லும், பல்சர் காயில் எனப்படும் பிக்கப் காயில், அல்லது பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் இக்னிஷன் காயில். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியில் விரிசல் இருந்தால், சூட்டில் விரியும்போது தொடர்பு விட்டு, ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். ஆறிய நிலையில் மல்டிமீட்டரில் ஓம் அளவு சரியாகக் காட்டுவது இதனால்தான். "மீட்டர் வைத்துப் பார்த்தாயிற்று, நன்றாக இருக்கிறது" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். தலைமுடி உலர்த்தும் ட்ரையரால் காயிலைச் சூடாக்கிக்கொண்டே மீட்டர் முள்ளைப் பாருங்கள். சூட்டில் அளவு கொஞ்சம் கூடுவது இயல்பு. திடீரென்று தாவினாலோ முழுவதும் அறுந்ததாகக் காட்டினாலோ காயில் போய்விட்டது.

மூன்றாவது டேப்பட், அதாவது வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்; அதற்கும் வால்வுக்கும் நடுவே சிறு இடைவெளி விடுவார்கள். எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி மிகக் குறைவாக வைக்கப்பட்டிருந்தால், சூட்டில் வால்வின் தண்டு நீண்டு, மூட வேண்டிய நேரத்தில் முழுதாக மூடாது. கம்ப்ரஷன் கசியும், எஞ்சின் திணறும். நன்றாக ஓடும் வண்டியில் டேப்பட் சத்தமே இல்லை என்று மகிழ்பவர்களுக்கு இதைச் சொல்வேன்: லேசான 'டிக்டிக்' ஓசை எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை, இறுகிய டேப்பட்தான் வால்வை எரிக்கும். இடைவெளியை எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கே சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: பிளக்கைக் கழற்றி எஞ்சின் ஹெட்டில் வைத்துக் கிக் அடித்தால் நீல நிறத்தில் நல்ல தீப்பொறி வருகிறது. ஆகவே இக்னிஷனில் குறையில்லை என்று மெக்கானிக் சொல்கிறார். ஆனால் மேடு ஏறும்போது மட்டும் வெட்டுகிறதே? (ஏற்காடு)

வெளியே வரும் தீப்பொறியை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது. திறந்த வெளியில் பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவது மின்சாரத்துக்கு எளிது. சிலிண்டருக்குள் அழுத்தம் பல மடங்கு இருக்கும்போது, அதே இடைவெளியைத் தாண்ட மிக அதிக வோல்டேஜ் வேண்டும். மேட்டில் ஆக்சிலரேட்டரை முழுவதும் முறுக்கும்போதுதான் சிலிண்டர் நிறையக் காற்று புகுந்து அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. தளர்ந்த காயில், உள்ளே அரித்த பிளக் கேப், தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக் எல்லாம் தோற்பது அந்த நேரத்தில்தான். பிளக் இடைவெளியைக் கையேட்டில் உள்ள அளவின் கீழ் எல்லைக்கு வைத்து அதே மேட்டில் ஓட்டிப் பாருங்கள். மிஸ்ஸிங் குறைந்தால் உங்கள் சந்தேகம் உறுதி.

சோதிக்கும்போது பிளக்கின் உலோகப் பகுதி எஞ்சினைத் தொட்டபடி இருக்கட்டும். தொடாவிட்டால் சிடிஐயே பழுதாகலாம். பிளக் துளையிலிருந்து தள்ளி வையுங்கள், அங்கே பெட்ரோல் ஆவி வரும்.

கேள்வி: மழையில் மட்டும் மிஸ் ஆகிறது. (நாகர்கோவில்)

பிளக் கேப்பும் அதற்கு வரும் கனத்த வயரும். இருட்டிய பிறகு எஞ்சினை ஓடவிட்டு, பூச்செடிக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்ப்ரேயால் அந்த வயர்மேல் பனிபோல் தெளியுங்கள். கையை மட்டும் தள்ளி வையுங்கள். மின்சாரம் கசியும் இடத்தில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்கிறார்களே? (திருச்சி)

எல்லாவற்றுக்கும் அதன்மேல் பழி போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இந்தியாவில் எத்தனால் கலப்பு 2022இல் 10 சதவீதத்தையும் 2025இல் 20 சதவீதத்தையும் எட்டியது. எத்தனாலுக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. ஓரளவு தண்ணீரைத் தன்னோடு கரைத்து எஞ்சின் வழியே அனுப்பிவிடும். அளவு மிஞ்சும்போதுதான் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். வாரக்கணக்கில் மழையில் நின்ற வண்டியில் இது நடக்கலாம். கார்புரேட்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டேங்கையும் வடித்தாக வேண்டும். தெரியாவிட்டால் எத்தனாலை விட்டுவிட்டு வேறு காரணம் தேடுங்கள்.

கேள்வி: பிளக்கில் உள்ள எண் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லையா? (சேலம்)

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். என்ஜிகே பிளக்கில் எண் கூடக்கூட 'குளிர்ந்த' பிளக், அதாவது வெப்பத்தை விரைவாக ஹெட்டுக்குக் கடத்துவது. பாஷ் பிளக்கில் கணக்கு நேரெதிர். கடைக்காரர் இரண்டையும் குழப்பிக்கொண்டு கொடுத்தால், ஊருக்குள் மெதுவாக ஓடும் வண்டியில் பிளக் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ள முடியாமல் கறுத்து, மிஸ் ஆகும்.

கேள்வி: 2021ஆம் ஆண்டு பிஎஸ்6 வண்டி. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. ஆனால் சில நேரம் அரை விநாடி வெட்டுகிறது. (ஓசூர்)

விளக்கு எரியவில்லை என்பதால் எல்லாம் சரி என்று பொருளல்ல. சென்சாரின் அளவு எல்லை தாண்டினால்தான் எஞ்சினை ஆளும் கணினி விளக்கைப் போடும். அரை விநாடித் தடுமாற்றம் அதன் கண்ணில் படாமல் போகலாம். ஸ்கேனர் மாட்டச் சொல்வதற்கு முன், பேட்டரி முனைகளின் திருகு இறுகியிருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். பெட்ரோல் பம்பு, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், இக்னிஷன் மூன்றும் அந்த ஒரே மின்சாரத்தை நம்பியிருக்கின்றன. அடுத்து சைடு ஸ்டாண்டு சுவிட்ச்: சேறு புகுந்தால், பள்ளத்தில் குலுங்கும்போது ஸ்டாண்டு இறங்கிவிட்டது என்று கணினிக்குத் தவறான செய்தி போய் எஞ்சின் வெட்டும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஓடவிட்டு, அந்தச் சுவிட்சையும் அதன் வயரையும் விரலால் தட்டிப் பாருங்கள். வெட்டினால் கழற்றிக் கழுவிக் காயவைத்து, மறுபடி தட்டிப் பாருங்கள். அப்போதும் வெட்டினால் சுவிட்சை மாற்றுங்கள். இரண்டு முனைகளையும் இணைத்துச் சுவிட்சையே இல்லாமல் செய்துவிடும் குறுக்குவழியைப் பலர் சொல்வார்கள். ஸ்டாண்டை மடக்க மறந்து கிளம்பி வளைவில் விழுந்தவர்களைப் பார்த்தவன் என்ற முறையில் அதற்கு நான் உடன்பட மாட்டேன்.