‘பீப்பிங் டாம்’: கொலைகாரனை முதலிலேயே காட்டிவிட்டு எப்படி பதற வைக்கிறார்கள்?

கொலை செய்வது யார் என்று தொடக்கத்திலேயே தெரிந்துவிடும் இந்தப் படத்தை ஏன் உளவியல் திரில்லர் என்கிறார்கள் என்று பலர் கேட்கிறார்கள். ‘யார் செய்தது’ என்ற புதிரை விட்டுவிட்டு, ‘இவன் மனசுக்குள் என்ன ஓடுகிறது, அடுத்து என்ன செய்வான்’ என்ற பயத்தில் நம்மைப் பிடித்து வைப்பதுதான் உளவியல் திரில்லர். கிணற்றுச் சுவர்மேல் குழந்தை நடப்பதைப் பார்த்தால், எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தும் நெஞ்சு அடித்துக்கொள்ளும் அல்லவா? அதே பதற்றம்.

மைக்கேல் பவல் இயக்கி 1960இல் வந்த பிரிட்டிஷ் படம். நாயகன் மார்க், சினிமா ஸ்டுடியோவில் கேமரா உதவியாளன்; கூச்ச சுபாவி, அதிர்ந்து பேசமாட்டான். அவன் அப்பா பயத்தை ஆராய்ந்த விஞ்ஞானி. சோதனைக்குக் கிடைத்தது பெற்ற பிள்ளைதான். சிறுவனின் படுக்கையில் பல்லியைப் போட்டு, அவன் மிரளுவதைப் படம் பிடிக்கிறார். வளர்ந்த மார்க், கேமரா முக்காலியின் காலில் கத்தியை மறைத்து வைத்துக் கொல்கிறான். சாகும் பெண்களின் முகத்தைப் படமெடுத்து, அப்புறம் இருட்டறையில் தனியாக ஓட்டிப் பார்க்கிறான். அவன் கேமரா வழியாகவே நம்மையும் பார்க்க வைக்கிறார் பவல். என்னை மிகவும் உலுக்குவது இதுதான்: கொடுமையை வேடிக்கை பார்ப்பதில் நாமும் கூட்டாகிவிடுகிறோம். அன்றைய விமர்சகர்கள் படத்தைக் கிழித்தெறிந்தார்கள். பவலின் திரைவாழ்வே நொறுங்கியது.

ஹிட்ச்காக் இயக்கிய, இதேபோல் ஒரு கொலைகாரனின் மனதைப் பேசும் ‘சைக்கோ’வைப் பார்த்து எடுத்த படம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. இது வெளிவந்தது 1960 ஏப்ரலில், ‘சைக்கோ’ ஜூனில்தான்.