சித்தப்பா போட்ட பொய் வழக்கை எதிர்த்து நடத்துவது அவிசுவாசமா?

கேள்வி: சொத்து விஷயத்தில் சித்தப்பா என்மீது பொய் வழக்குத் தொடுத்திருக்கிறார். அவரும் எங்கள் சபைதான். "கர்த்தர் யுத்தம்பண்ணுவார், நீ சும்மாயிரு" என்கிறார்கள். வக்கீல் வைத்தால் கர்த்தரை நம்பவில்லை என்று ஆகிவிடுமா?

ஆகாது. வக்கீல் வையுங்கள்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட வசனம் யாத்திராகமம் 14:14. வாக்குத்தத்த அட்டையிலும் காலண்டரிலும் அடிக்கடி வருவதுதான். அடுத்த வசனத்தை ஏனோ யாரும் அச்சடிப்பதில்லை. அதில் கர்த்தர் மோசேயிடம், என்னிடம் ஏன் முறையிடுகிறாய், ஜனங்களைப் புறப்பட்டுப் போகச் சொல் என்கிறார். கடலைப் பிளந்தது அவர். அதற்குள் இறங்கி நடந்தது ஜனங்கள்.

நான் இந்த விஷயத்தில் திரும்பத் திரும்பப் போவது யூதாவை ஆண்ட எசேக்கியா ராஜாவிடம். கி.மு. 701-இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவுக்குள் படையோடு நுழைகிறான். எசேக்கியா முதலில் பணம் கொடுத்துத்தான் பார்க்கிறார்: 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன். ஆலயக் கதவுகளில் இருந்த பொன்தகடுகூடக் கழற்றப்பட்டது. வாங்கிக்கொண்ட பிறகும் படை எருசலேமுக்கு வந்தது. சனகெரிப் அனுப்பிய அதிகாரி ரப்சாக்கே மதிலுக்கு வெளியே நின்று, உள்ளே இருக்கிறவர்களுக்கு விளங்க வேண்டும் என்றே யூத பாஷையில் ஏசுகிறான். 2,000 குதிரை தருகிறேன், ஏறி உட்கார உங்களிடம் ஆள் உண்டா என்று நக்கல் வேறு. மதில்மேல் இருந்தவர்கள் வாய் திறக்கவில்லை. பதில் சொல்லக் கூடாது என்பது ராஜாவின் கட்டளை.

இதை வைத்து எசேக்கியா கையைக் கட்டிக்கொண்டிருந்தார் என்று பிரசங்கம் செய்துவிடுகிறார்கள். அவர் மதிலின் இடிந்த பகுதிகளைக் கட்டினார், ஆயுதங்கள் செய்வித்தார், நகருக்கு வெளியே இருந்த ஊற்றுகளை அடைத்தார். கீகோன் ஊற்றுநீரைப் பாறைக்கடியில் நகருக்குள் கொண்டுவந்த சுமார் 533 மீட்டர் சுரங்கம் அவர் காலத்தது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. இரண்டு முனையிலிருந்தும் குடைந்து வந்தவர்கள் நடுவில் சந்தித்ததைச் சொல்லும் கல்வெட்டு 1880-இல் உள்ளேயே கிடைத்தது. பிறகு மிரட்டல் கடிதம் வந்தபோது அதை வாசித்து, ஆலயத்துக்கு எடுத்துப்போய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்தார். தண்ணீருக்கு வழிசெய்வது தன் வேலை. ஏச்சுக்குப் பதில் சொல்வது கர்த்தரின் வேலை. நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். பட்டா நகல் எடுக்க நேரமிருக்காது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பதிலுக்குப் பதில் எழுத நள்ளிரவு வரை நேரமிருக்கும்.

எங்கள் வீட்டிலும் பாதை வழக்கு ஒன்று நடந்தது, அப்பாவுக்கும் அவருடைய பெரியப்பா மகனுக்கும். வக்கீல் நோட்டீஸ் வந்த அன்று குடும்ப ஜெபத்தில் அம்மா அதைப் பிரித்து, பாயில் வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மறுநாள் அதே தாளை அப்பா மடித்து, கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்றோடு பையில் போட்டுக்கொண்டு வக்கீலைப் பார்க்கப் போனார். தீர்ப்பு முழுக்க எங்கள் பக்கம் வரவில்லை. பாதை இருவருக்கும் பொது என்றானது. கர்த்தரை நம்பினால் வழக்கு ஜெயிக்கும் என்று உங்களிடம் சொல்ல என்னால் முடியாது. எருசலேம் தப்பிய அதே படையெடுப்பில் யூதாவின் இன்னொரு பட்டணமான லாகீஸ் விழுந்தது. அந்த முற்றுகையைச் சனகெரிப் தன் நினிவே அரண்மனையில் செதுக்கி வைத்த கற்பலகைகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. லாகீசிலும் ஜெபித்தவர்கள் இருந்திருப்பார்கள்.

1 கொரிந்தியர் 6-ஐ யாராவது உங்களிடம் நீட்டுவார்கள். சகோதரனோடு சகோதரன் வழக்காடுவதா என்று பவுல் கடிந்துகொள்கிற இடம். அதை லேசாகத் தள்ளிவிடாதீர்கள். இரண்டு பேருக்கும் பொதுவான மூப்பர் ஒருவரை வைத்து ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். இதை நீங்களே கேட்டு வாங்குங்கள். பேச்சு பலிக்காவிட்டால், வழக்குக்குப் போனவர் சித்தப்பா. நீங்கள் அழைக்கப்பட்ட இடத்தில் உண்மையைச் சொல்லப் போகிறீர்கள். பழிவாங்காதிருங்கள் என்று ரோமருக்கு எழுதிய பவுலே, பிற்பாடு ரோம ஆளுநர் பெஸ்துவின் நியாயாசனத்துக்கு முன்பாக இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தார். அவரிடம் இரண்டும் ஒன்றையொன்று இடிக்கவில்லை.

எதிரியின் பெயரைச் சொல்லி, சாபம் நிறைந்த 109-ஆம் சங்கீதத்தை நாற்பது நாள் வாசிக்கச் சொல்கிறவர்களிடம் மட்டும் ஜாக்கிரதை. கோபம் இருந்தால் கர்த்தரிடம் கொட்டுங்கள், தாவீதும் கொட்டினார். அதை சித்தப்பாவுக்கு வைக்கும் சூனியமாக ஆக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எதிரில் வந்தால் "ஸ்தோத்திரம் சித்தப்பா" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அவர் முகத்தைத் திருப்பினால் திருப்பட்டும்.

சம்மன் கைக்கு வந்துவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. வந்திருந்தால் 30 நாளுக்குள் எதிருரை, அதாவது வழக்குக்கு உங்கள் எழுத்துமூலப் பதில், தாக்கல் செய்ய வேண்டும். காரணம் காட்டினால் நீதிமன்றம் 90 நாள் வரை அனுமதிக்கலாம். உபவாச ஜெபம் முடியட்டும் என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.