புத்திசாலிக்கு வெறுப்பு வராதா?

அன்புள்ள சார்,

மத்தவங்கள ஆளா பாக்காம கூட்டமா பாத்து வெறுக்கற பழக்கம் எல்லார்கிட்டயும் இருக்குன்னு எழுதியிருந்தீங்க. எனக்கு அது ஒத்துவரல. புத்தி கம்மியா இருக்கறவங்களுக்குத்தான் இந்த வெறுப்பு ஜாஸ்தின்னு ஆராய்ச்சியே இருக்காமே? நல்லா படிச்சு யோசிக்கத் தெரிஞ்சவங்களுக்கு இது தானா போயிடாதா? பொறவிக்குணத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்க படிச்சது அநேகமா ஹாட்ஸன், புஸ்ஸேரிங்கற ரெண்டு உளவியலாளர்கள் 2012ல வெளியிட்ட ஆய்வா இருக்கும். பிரிட்டன்ல 1958லயும் 1970லயும் பொறந்த குழந்தைங்கள வருஷக்கணக்கா ஃபாலோ பண்ணின டேட்டா அது, மொத்தம் 15,000 பேருக்கு மேல. 10, 11 வயசுல அவங்க எழுதின அறிவுத்திறன் டெஸ்ட்டையும் 30, 33 வயசுல மத்த இனத்துக்காரங்கள பத்தி அவங்க சொன்னதையும் சேர்த்து வச்சு பாத்தா, சின்ன வயசுல ஸ்கோர் கம்மியா இருந்தவங்ககிட்ட இனவெறுப்பு சராசரியா கொஞ்சம் கூடுதலா இருந்துச்சு. அதுவும் நேரடியா இல்ல, பெரும்பாலும் பழைய ஒழுங்கு மாறவே கூடாது, மேல இருக்கறவங்க சொன்னா கேட்டுக்கணும்ங்கற மாதிரி நினைப்பு வழியாத்தான் வந்துச்சு. அது சராசரி, அத வச்சு எதிர்ல நிக்கற ஒரு ஆள எடை போட முடியாது.

ஆனா இங்க ஒரு கேள்வி கேக்கணும். யார் மேல வெறுப்புன்னு கேட்டாங்க? இந்த மாதிரி ஆய்வுகள்ல ரொம்ப காலமா இனச் சிறுபான்மையினர், குடியேறி வந்தவங்க, ஓரினச்சேர்க்கையாளர்கள்னு சில குழுக்கள பத்தி மட்டும்தான் கேட்டுட்டு இருந்தாங்க. பிராண்ட்டும் கிராஃபோர்டும் 2016ல அந்த லிஸ்ட்ட பெருசாக்கினாங்க. அமெரிக்காவுல 5,914 பேர், 24 குழுக்கள். அறிவுத்திறன அளந்தது ஒரு சின்ன சொல்வள டெஸ்ட் வச்சுதான், அந்தக் குறை இருக்கு, ஆனாலும் ரிசல்ட் யோசிக்க வைக்குது. ஸ்கோர் கம்மியா இருந்தவங்களுக்கு, பொறப்பாலேயே அமைஞ்ச, மாத்திக்க முடியாத அடையாளம் உள்ள குழுக்கள் மேலயும் வழக்கத்துக்கு மாறா இருக்கற குழுக்கள் மேலயும் வெறுப்பு கூட. ஸ்கோர் அதிகமா இருந்தவங்களுக்கு பெரிய கம்பெனிகள், கிறிஸ்தவ அடிப்படைவாதிங்கன்னு, மரபு சார்ந்த, தானே தேர்ந்தெடுத்து சேர்ந்த கூட்டமா தெரியற குழுக்கள் மேல கூட. அதாவது புத்தி வெறுப்ப அழிக்கல, ஆள மாத்தி விட்டுச்சு.

உடனே நீங்க கேப்பீங்க, ஒரு பெரிய கம்பெனிய பிடிக்கலங்கறதும் ஒருத்தன தோல் நிறத்துக்காக வெறுக்கறதும் ஒண்ணான்னு. ஒண்ணே இல்ல. பொறப்புக்காக வெறுக்கப்படறவனுக்கு தப்பிக்க வழியே கிடையாது, வேலை, வீடு, உயிர் வரைக்கும் போகும், அத நான் எப்பவும் பெரிய அநியாயமாத்தான் பாக்கறேன். ஆனா அந்தக் கூட்டத்துல இருக்கற ஒருத்தர சந்திக்கறதுக்கு முன்னாடியே இவன் இப்படித்தான்னு முடிவு பண்ணிடறோம் பாருங்க, அது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் நடக்குது. புத்திசாலி கூடுதலா ஒண்ணு பண்ணுவான், தன் வெறுப்புக்கு நாலு நல்ல காரணம் சொல்லுவான், கேக்கறவங்க மட்டுமில்ல அவனே அத நம்பிடுவான். மத்தவங்ககிட்ட இருக்கற சாய்வு நம்ம கண்ணுக்கு பளிச்சுனு தெரியும், நம்மகிட்ட இருக்கறது தெரியாது. வெஸ்ட், மெசெர்வ், ஸ்டனோவிச் மூணு பேரும் 2012ல இத சோதிச்சப்ப அறிவுத்திறன் கூடினதால இந்தக் குருட்டுத்தனம் குறையல.

குணத்த பத்தி கேட்டீங்க, அதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. புதுசா எதையும் வரவேற்கற திறந்த மனசுக்காரங்களுக்கு வெறுப்பு கம்மின்னுதான் பல ஆய்வுகள் சொல்லுச்சு, ஆனா குழுக்களோட லிஸ்ட் பெருசானதும் அங்கயும் அதே கதைதான், அவங்களுக்கும் கட்டுப்பெட்டியா தெரியற குழுக்கள பிடிக்கல. கிட்டத்தட்ட எல்லாக் குழுவுக்கும் பொருந்தி வர்றது இணக்க குணம், அதாவது அடுத்தவங்க கஷ்டத்த நெனச்சுப் பாக்கறது, விட்டுக்கொடுக்கறது. அது கம்மியா இருக்கறவங்களுக்குத்தான் யார்மேலயும் வெறுப்பு கொஞ்சம் கூட. மார்க்ஷீட்ல வராத குணம் இது, குழந்தைங்கள வளர்க்கும்போது நாம இதுக்கு குடுக்கற மதிப்பு எவ்ளோ கம்மி.

ஜான் டக்கிட்ங்கற உளவியலாளர் வெறுப்புக்கு ரெண்டு வேர் சொல்றார். ஒண்ணு பயம், உலகம் ஆபத்தானது, நம்ம ஒழுங்க குலைக்க வர்றாங்கன்னு. இன்னொண்ணு போட்டி, உலகமே வல்லவன் ஜெயிக்கற இடம், நாம மேல இருக்கணும்னா யாராவது கீழ இருந்தாகணும்னு. பயந்தவனுக்கு தைரியம் சொல்லலாம், பக்கத்துல கூட்டிட்டுப் போய் காட்டலாம். ரெண்டாவது ஆளுக்கு இது பத்தாது, அவனுக்கு அந்த ஏற்றத்தாழ்வே லாபம், அங்க சட்டமும் விதிமுறையும் உள்ள வரணும்.

சரி, எதுதான் குறைக்குது? அந்தக் கூட்டத்து ஆளுங்களோட நேரடியா பழகறது. உளவியலாளர் ஆல்போர்ட் 1954லயே சொன்னார், சமமான நிலையில, ஒரே நோக்கத்துக்காக சேர்ந்து வேலை செஞ்சா, மேலிடமும் அத ஆதரிச்சா, வெறுப்பு குறையும்னு. பெட்டிக்ரூவும் டிராப்பும் 2006ல 515 ஆய்வுகள சேர்த்துப் பாத்து, பழக்கம் கூடக்கூட வெறுப்பு பொதுவா குறையுதுன்னும், இந்த நிபந்தனை எல்லாம் முழுசா இல்லாட்டியும் கொஞ்சமாவது குறையுதுன்னும் காட்டினாங்க. அதனால தானா போயிடாதான்னு நீங்க கேட்டதுக்கு என் பதில், படிப்பால மட்டும் போகாது. உங்களுக்கு சுத்தமா ஆகாத ஒரு கூட்டம், அதுவும் நல்ல காரணத்தோட ஆகாத கூட்டம் ஒண்ணு இருக்கும்ல, அதுல எத்தன பேர உங்களுக்கு பேர் சொல்லிக் கூப்பிடற அளவுக்குத் தெரியும்? முடிஞ்சா அடுத்த கடிதத்துல எழுதுங்க.