பழைய டிராக்டருக்கு எந்தப் பெட்ரோல்?

கேள்வி: தாத்தா ஓட்டிய 1951 மாடல் ஃபோர்டு 8என் டிராக்டரைச் சரிசெய்து வைத்திருக்கிறேன். வருடத்துக்கு நாலைந்து முறைதான் எடுப்பேன். வயதான எஞ்சின் ஆயிற்றே என்று விலை கூடிய, ஆக்டேன் அதிகமான பெட்ரோலையே போடுகிறேன். அப்படியும் இந்த முறை ஸ்டார்ட் ஆகவில்லை. டேங்கில் எட்டு மாதப் பெட்ரோல் கிடக்கிறது. அதையே ஓட்டித் தீர்க்கலாமா?

பதில்: ஆக்டேனை விடுங்கள், அந்த எட்டு மாதம்தான் உங்கள் பிரச்சினை.

பெட்ரோல் எளிதில் 'நாக்' ஆகாமல், அதாவது சிலிண்டரில் அழுத்தத்தால் தானாகவே பற்றி வெடித்து எஞ்சினைத் தட்டாமல், இருப்பதைக் காட்டும் எண்தான் ஆக்டேன். சக்தியின் அளவு அல்ல. உங்கள் 8என் எஞ்சினின் கம்ப்ரஷன், அதாவது பெட்ரோல்-காற்றுக் கலவையை அழுத்தும் விகிதம், ஏறத்தாழ 6.7-க்கு 1. இன்றைய கார்களில் 10-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அந்தக் காலத்து மட்டமான பெட்ரோலுக்காகவே வடிவமைத்த எஞ்சினுக்கு இன்றைய சாதாரண பெட்ரோலே தாராளம். பழைய பெட்ரோலில் வால்வைக் காத்த ஈயம் இப்போது இல்லையே என்ற கவலையும் வேண்டாம். 8என்-இல் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் வளையமே கடினமான உலோகம்.

விலையைப் பார்க்காமல் எத்தனாலைப் பாருங்கள். எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும்; அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்குக்குக் கீழே இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்: அடியில் தனியாக ஒரு படலம் தெரிந்தால் அதுதான். வாங்கிய பெட்ரோலில் எத்தனால் உண்டா என்று பார்க்க, அளவுக்கோடு போட்ட ஜாடியில் 10 மில்லி தண்ணீர், 90 மில்லி பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி, கொஞ்ச நேரம் அப்படியே வையுங்கள். அடியிலுள்ள தண்ணீர் 10-லிருந்து 19-ஐ ஒட்டி ஏறினால் கலப்பு சுமார் 10 சதவீதம். நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாத, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

கலப்பில்லாத பெட்ரோலும் கெடும். சீக்கிரம் ஆவியாகிற லேசான பகுதிகள்தான் எஞ்சினைக் கிளப்புபவை. முதலில் பறப்பவையும் அவைதான். மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாகும். ஒருமுறை என் வண்டியை ஏழு மாதம் மறந்துவிட்டேன். கார்புரேட்டரைக் கழற்றினால் உள்ளே வார்னிஷ் பூசியதுபோல் மஞ்சள். அவசரத்தில் ஜெட்டை, அதாவது பெட்ரோல் பாயும் சிறு துளையை, கம்பியால் குத்தினேன். துளை பெரிதாகி, அன்றிலிருந்து வண்டி பெட்ரோலைக் குடிக்க ஆரம்பித்தது. நீங்கள் கம்பியைத் தொடாதீர்கள். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்தால் போதும்.

இப்போது டேங்கை வடியுங்கள். வார்னிஷ் வாடை அடித்தாலோ நீர் பிரிந்திருந்தாலோ திரும்ப ஊற்ற வேண்டாம். மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாமல் அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். அப்புறம், தேவைக்கு மட்டும் வாங்குங்கள். பெட்ரோல் கெடுவதைத் தள்ளிப்போடும் ஸ்டெபிலைசர் ஊற்றுவதானால் புதுப் பெட்ரோலில் ஊற்றி, பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டினால்தான் கார்புரேட்டர் வரை போய்ச் சேரும். கெட்ட பெட்ரோலை அது நல்லதாக்காது. ஓரிரு மாதத்தில் மறுபடி எடுப்பதானால் டேங்கை நிரப்பி வையுங்கள். காற்றிடம் குறைந்தால் உள்ளே நீர்த்துளி படிவதும் குறையும். அதற்கு மேல் என்றால் நான் முழுக்க வடித்து, துருப்பிடிக்காமல் உள்ளே லேசாக எண்ணெய் சுழற்றி வைப்பேன். எதுவானாலும் டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் வால்வை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள், கார்புரேட்டர் காலியாகும்.

கேனில் வைப்பதானால் பெட்ரோலுக்கென்றே செய்த, இறுக மூடும் கேன். விளிம்பு வரை நிரப்பாமல் மேலே கொஞ்சம் இடம் விடுங்கள். நிரப்பும்போது கேன் தரையில் இருக்க வேண்டும், வண்டிக்குள் வைத்து நிரப்பினால் நிலைமின்சாரப் பொறி பறக்கலாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போகும். அதனால் அடுப்போ கெய்சரோ இருக்கும் அறைக்குப் பக்கத்தில்கூட வேண்டாம்.

கேள்வி: செலவு குறைய மண்ணெண்ணெய் கலக்கலாமா?

பதில்: பெட்ரோலுக்கென்று செய்த எஞ்சினில் வேண்டாம். ஃபெர்குசன் டிஇடி20 போன்றவை பெட்ரோலில் கிளம்பி, சூடானபின் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாறும்படியே செய்யப்பட்டவை. மற்றவற்றில் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்க்க வைக்கும். பெட்ரோலில் மிச்சம் பிடித்தது பேரிங்கில் போய்விடும்.