ஊசிமுனைக் கேள்விகள்: முடிச்சு ஏன் மறைகிறது?

கேள்வி: மகளின் பாவாடையில் பூத்தையல் போடுகிறேன். மல்லிகை மொட்டுக்கு, ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் பிரெஞ்சு முடிச்சு போடுகிறேன். பாதி முடிச்சுகள் துணிக்கு அடியில் போய்விடுகின்றன. மீதி தொளதொளவென்று நிற்கின்றன. என்ன தவறு?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இரண்டும் வேறு வேறு தவறுகள். அடியில் போவதற்குக் காரணம், நூல் மேலே வந்த அதே துளையில் ஊசியைத் திரும்ப இறக்குவது. துணியின் இரண்டு இழை தள்ளிக் குத்துங்கள். முடிச்சு உட்கார அந்த இழைகள்தாம் திண்ணை.

தொளதொளப்புக்குக் காரணம் இடது கை. ஊசியில் நூலை இரண்டு சுற்று சுற்றி, நுனியைக் குத்தியதும், நூலை இழுத்துப் பிடித்துச் சுற்றுகளைத் துணியோடு ஒட்ட இறக்குங்கள். ஊசி முழுவதும் அடியில் போகும்வரை பிடியை விடக்கூடாது. ரொம்பவும் இறுக்கினால் ஊசியின் காது சுற்றுக்குள் சிக்கும்.

மொட்டு பெரிதாக வேண்டுமா? சுற்றைக் கூட்டாதீர்கள், சாய்ந்துவிடும். ஆறு புரி நூலில் இரண்டுக்குப் பதில் மூன்று புரி எடுங்கள். நீளம் 45 செ.மீ. போதும். இரு கையும் வேண்டியிருப்பதால் துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தை மேசை விளிம்பில் சாய்த்துக்கொள்ளுங்கள்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய சிவப்பு நூல் என்றால் முதலில் ஈரப் பஞ்சில் அழுத்திப் பாருங்கள். சாயம் விட்டால் வெள்ளைத் துணிக்கு வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஊசியைத் துணியிலேயே குத்தி வைக்கவும் கூடாது. துருக்கறை எளிதில் போகாது.